நாற்பதாயிரத்துக்குள் ஒரு குட்டிப் பெட்டி

என் கம்ப்யூட்டர் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் உயிரை விட்டது. நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள். அன்று கையில் இருந்தது தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம், படங்கள் மட்டுமே இருநூறுக்கு மேல். ஒரு படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். திரை அப்படியே நின்றது. பிறகு உள்ளேயிருந்து வயர் கருகுகிற வாசனை வந்தது. வீட்டில் திட்டுவதற்கு வேறு யாரும் இல்லாததால் அந்த மெஷினையே உட்கார்ந்து திட்டினேன்.

செய்த வேலைக்கு வேறொரு டிஸ்க்கில் பிரதி இருந்தது, பதிப்பகத்தாரும் பத்து நாள் தவணை கொடுத்தார்கள். அதனால் அழ வேண்டிய அவசியம் இல்லை. உண்மையைச் சொன்னால், கோபம் அடங்கியதும் மனதின் ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. தம்பியிடம் போய் உதவி கேட்க நல்ல சாக்கு கிடைத்துவிட்டதே!

தம்பி எனக்கு நான்கு வயது இளையவன், ஐம்பத்து மூன்று முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் அவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே முடிந்தது. நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்கும் போகலாம் என்று டாக்டர் வாயாரச் சொல்லிவிட்டார். ஆனால் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். கேட்டால் பதில் சொல்வான், கொடுத்தால் சாப்பிடுவான். ஆபீஸிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இரண்டு முறையும் சொல்லிவிட்டான். இவன் இந்த நாற்காலியிலேயே கிழவனாகிவிடுவான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டரை விட அந்தப் பயம்தான் என்னை அவன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அங்கே எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்த அன்றே, ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கால்ல விழறேன். அவர்கிட்ட மட்டும் சத்தம் போட்டுப் பேசிடாதீங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. என் வாய் ஊரறிந்த வாய். தம்பியும் நானும் ஒன்பது வருடம் சேர்ந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை வைத்திருந்தோம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, நிமிர்ந்தால் தலை இடிக்கும். வருகிறவர்களிடம் பேசுவது நான், பார்ட்ஸைச் சேர்த்துப் பெட்டியைப் பூட்டுவது அவன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்கு 'ஸ்பீக்கர்' என்றும் அவனுக்கு 'மியூட்' என்றும் பெயர் வைத்திருந்தார். நான் திட்டாத நாள் கிடையாது. ஸ்க்ரூ தொலைந்தால் திட்டு, ஸ்க்ரூ மிஞ்சினால் அதற்கும் திட்டு.

ஒரு நாள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் புது மெஷினை எடுத்துப் போக வந்திருந்தார். ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் ஹார்ட் டிஸ்க்கின் பின்னால் கடுகத்தனை பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும், ஜம்பர் என்பார்கள். அதை எந்தக் குச்சியில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்று மெஷினுக்குத் தெரியும். தம்பி மாற்றி மாட்டிவிட்டான். நான் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். கடைசியில் டிரைவிங் ஸ்கூல்காரரே சங்கடப்பட்டு, பரவாயில்லை மேடம், நான் நாளைக்கு வருகிறேன் என்றார். தம்பி இடுக்கியால் அந்தக் கடுகை எடுத்து மாற்றி மாட்டிவிட்டு, பெட்டியை மூடிக் கொடுத்தான். மறுநாள் எனக்கு முன்னால் வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தான்.

இப்போது அதே வாயால் மூன்று மாதமாக 'சாப்பிட்டியாப்பா', 'தூங்கினியாப்பா' என்று பேசிக்கொண்டிருந்தேன். ஜென்மத்தில் அவனை நான் 'ப்பா' போட்டுப் பேசியதில்லை. எனக்கே அது வேறு யாரோ பேசுவதாகக் கேட்டது.

அன்றும் அதே குரலில்தான் ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் போய்விட்டது, புதிதாக ஒன்று வேண்டும், நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது, பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், நீதான் பார்ட்ஸ் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். அவன் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல், ரெடிமேடாகவே ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னான். இப்போதெல்லாம் யார் அசெம்பிள் பண்ணுகிறார்கள் என்றும் கேட்டான். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கைப்பையிலிருந்து ஓர் அட்டையையும் பென்சிலையும் எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

எங்கள் கடையில் லிஸ்ட் எழுதுவது அட்டையில்தான். மதர்போர்டு வருகிற பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுவோம். காகிதம் பறந்துபோகும், அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பூட்டலாம். இன்னொரு வழக்கமும் உண்டு. மற்ற கடைகளில் பிராசஸரில் ஆரம்பிப்பார்கள். நாங்கள் பவர் சப்ளையில் ஆரம்பிப்போம். அப்புறம் பெட்டி, போர்டு, மெமரி, டிஸ்க். கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதற்குத்தான் பிராசஸர். அஸ்திவாரத்தில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டு மாடி கட்டாதே என்பது எங்கள் கொள்கை. அதனால்தான் எங்கள் மெஷின்கள் அவ்வளவு சீக்கிரம் படுக்காது.

அட்டையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, பெட்டியை எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்டான். எனக்கு உள்ளே ஏதோ தட்டிற்று. கடையில் அவன் வாடிக்கையாளரிடம் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் என்றேன். அளந்தாயா என்றான். இல்லை என்றேன். அளக்காமல் என்ன பெட்டி பார்ப்பது என்று முனகினான். மூன்று மாதத்தில் அவன் என்னிடம் காட்டிய முதல் எரிச்சல் அது. வீட்டுக்கு ஓடிப்போய் அளந்தேன். இருபத்து நான்கு சென்டிமீட்டர்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் போனும் கையுமாக இருந்தான். ஒரே நேரத்தில் திரையில் எத்தனை ஜன்னல் திறந்து வைத்து வேலை செய்வாய், ஃபேன் சத்தம் பிடிக்குமா, பழைய மானிட்டர் நன்றாக இருக்கிறதா என்று எனக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டான். கையகலத்தில் ஒரு போர்டு இருந்தது, பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் சின்னதுக்குத்தான் விலை அதிகம், அது கூடாது, அதைவிட ஒரு சுற்றுப் பெரியது பாதி விலை, அதற்கேற்ற பெட்டி இருபத்தொரு சென்டிமீட்டர்தான், உன் இடுக்கில் மூச்சு விட இடமும் இருக்கும் என்றான். படங்கள் இருநூறு என்றால் மெமரி பதினாறு ஜி.பி.யாவது வேண்டும், அதை ஒரே துண்டாக வாங்கு, பக்கத்துப் பள்ளம் காலியாக இருந்தால் பின்னால் இன்னொன்று மாட்ட உதவும் என்றான். திரையில் படம் காட்டத் தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டாமா என்று நான் கேட்டேன். நீ என்ன விளையாடவா போகிறாய், தேனீக்குக் கார்டு எதற்கு, போர்டிலேயே மானிட்டர் மாட்டும் இடம் இருக்கிறது என்றான்.

மூன்றாம் நாள் அட்டை தயாராக இருந்தது. பவர் சப்ளை முதல் வரி, பிராசஸர் கடைசி வரி. அதே சாய்ந்த கையெழுத்து. ஒரே பெயரில் இரண்டு பிராசஸர் இருந்ததாம், வேகம் எல்லாம் ஒன்று, ஆனால் ஒன்று மூவாயிரம் மலிவு. மலிவானதைப் போட்டு, அந்த மூவாயிரத்தை டிஸ்க்கில் சேர்த்திருந்தான். மொத்தம் முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. அட்டையை நீட்டியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த முகம் அது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அந்த அறையின் வாசனை அடித்தது, புது பிளாஸ்டிக்கும் ஈயம் உருகும் நெடியும் கலந்த வாசனை.

கடைக்கு அவனையும் கூப்பிட்டேன். வெயில், கூட்டம் என்று தம்பி மனைவி கண்ணாலேயே தடுத்தாள். அவனும் வற்புறுத்தவில்லை. தனியாகத்தான் போனேன்.

கவுன்ட்டரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. அட்டையை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். நல்ல லிஸ்ட், யார் போட்டது என்று கேட்டாள். என் தம்பி என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கடைசி வரிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

"மேடம், இந்த பிராசஸர் போட்டா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது" என்றாள். "மூவாயிரம் கம்மின்னா, அதுக்குள்ள கிராபிக்ஸ் இல்லைன்னு அர்த்தம். தனியா கார்டு போடணும்."

போர்டில் மானிட்டர் மாட்டும் இடம் இருக்கிறதே என்றேன். அது வெறும் வாசல்தான், படம் பிராசஸருக்குள்ளிருந்து வர வேண்டும், பல வருடமாக அப்படித்தான் என்று பொறுமையாக விளக்கினாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் காலத்தில் படம் போர்டிலிருந்து வரும். கடையை மூடிய பிறகு பதினாறு வருடமாகத் தம்பி ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பராமரிப்பில் இருந்தான். ஆனால் அங்கே எல்லாம் சீல் வைத்த பெட்டிகள், மூடியைக் கழற்றினால் வாரண்டி போய்விடும். உள்ளே என்ன மாறியது என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கும்தான் தெரியவில்லை. எங்கள் மாதிரி பழைய ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பச்சைப்பிள்ளைக்குக்கூட இது தெரியுமாம்.

பழைய நானாக இருந்தால் அங்கேயே நின்று போன் போட்டு, கடை அதிரக் கத்தியிருப்பேன். போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அந்த முகம் நினைவுக்கு வந்தது. சொன்னால், சரிக்கா, மாத்திக்கோ என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விடுவான். சொல்லாமல் நானே மாற்றி வாங்கினால், பெட்டியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவான், அது இன்னும் மோசம். அவனே பூட்டிப் பார்த்து, அவனே கண்டுபிடிக்கட்டும் என்று போனைப் பைக்குள் போட்டேன். லிஸ்டில் உள்ளதையே கொடு என்றேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு நாளுக்குள் கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாக மட்டும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை, தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் பழைய மானிட்டர் உட்பட எல்லாவற்றையும் பரப்பினோம். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் பரணிலிருந்து அவனே நாற்காலியில் ஏறி இறக்கினான். மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒவ்வொன்றையும் மெதுவாகத்தான் செய்தான். போர்டைப் பெட்டிக்குள் இறக்கி, இரண்டாவது ஸ்க்ரூவைத் திருகியதும் பழைய வேகம் வந்துவிட்டது. மெமரித் துண்டை எடுத்தவன், பழைய துண்டுகளில் அழுக்கு எடுத்த பழக்க தோஷத்தில் அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்க்கப் போனான். புதுசைப் போய் ஏண்டா தேய்க்கிறாய் என்று கேட்க வந்து, வாயை மூடிக்கொண்டேன். அவன் தானாகவே சிரித்துவிட்டு ரப்பரைக் கீழே வைத்தான். நான் ஸ்க்ரூக்களை எண்ணி எண்ணிக் கொடுத்தேன். ஒன்பது வருடமும் நாங்கள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். எவ்வளவு நல்ல காலம் அது! அப்போது அது நல்ல காலம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வாடகை கட்ட வேண்டுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரத்தில் பூட்டிவிட்டான். சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

கேபிளைக் கழற்றி மாட்டினான். மெமரியைப் பக்கத்துப் பள்ளத்துக்கு மாற்றினான். மானிட்டரைத் தன் பழைய லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தான், அது நன்றாக வேலை செய்தது. முக்கால் மணி நேரம் போயிற்று. அவன் கழுத்தோரம் வியர்த்தது. தம்பி மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று என்னை முறைத்தாள். நான் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

அவன் போனை எடுத்துப் பிராசஸர் பெயரைப் போட்டுத் தேடினான். படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தச் சிப்புக்குள் டிஸ்ப்ளே இல்லை, தப்பு என்னுடையது என்றான்.

"ஓ, அப்படியா. பரவாயில்லைப்பா, மாத்திக்கலாம்" என்றேன், குரலில் தேன் தடவி.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். 

"கடையில சொன்னாங்களா?"

பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னார்கள் என்றேன்.

"சொல்லியும் வாங்கிட்டு வந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அப்ப எனக்கு எவ்வளவு நாள்னு சொல்லியிருக்காரு டாக்டர்?" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. என்ன நாள் என்று கேட்டேன்.

"மறைக்காதக்கா. இந்த வீட்ல எல்லாரும் என்கிட்ட மெதுவா பேசறாங்க. சரி, அவங்க பயந்த சுபாவம். ஆனா நீயும் மெதுவா பேசின பாரு, ஆஸ்பத்திரியிலயே, கண்ணு முழிச்சதும். சாப்பிட்டியாப்பான்னு கேட்டே. அப்பவே தெரிஞ்சு போச்சு. ஏதோ பெருசா இருக்கு, என்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க. இல்லேன்னா நீ ஏன் என்னைத் திட்டாம இருக்கப்போறே?"

சமையலறை வாசலில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்று மாதம். சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல். அவனை அங்கே உட்கார வைத்தது என் வாய்தான். பேசியதால் அல்ல, மூடிக்கொண்டிருந்ததால். அவன் மனைவியும் நானும் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்திருக்கிறோம்.

"ஏண்டா மடையா" என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தால் நிற்குமா? ஒன்பது வருடம் கடை வைத்தவன் வாங்குகிற லட்சணமா இது என்றேன். மூவாயிரம் சும்மா குறையுமா, ஏன் குறைகிறது என்று ஒரு வரி படித்தால் கண்ணா அவிந்துவிடும் என்றேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், சிப்புக்குள் இல்லாத படம் திரைக்கு எங்கிருந்து வரும் என்றேன். அங்கிருந்து ஆபீஸுக்குப் போனேன், நாற்காலிக்குப் போனேன், ஜன்னலுக்குப் போனேன். நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகச் சொல்லுங்கள் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னதை நான்கு முறை சொன்னேன். சந்தேகம் இருந்தால் வாயைத் திறந்து கேட்பதற்கு உனக்கு என்ன கேடு என்றேன். எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. தம்பி மனைவி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"விடு" என்றான் அவளிடம். "அவ திட்டட்டும்."

அவன் அழுதுகொண்டிருந்தான்.  ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

"நீ போயிட்டா நான் யாரைடா திட்டுவேன்?" என்றேன்.

 அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிராசஸரைப் பொறுமையாகக் கழற்றி அதன் டப்பாவில் வைத்து மூடினான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து செருப்பைத் தேடினான். வெளியே நல்ல வெயில். அவன் மனைவியே கதவைத் திறந்துவிட்டாள்.

கடை வரைக்கும் நடந்தே போனோம். வழி நெடுக நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் போதும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.